பச்சை நூல் போட்ட சம்மதம்

நாங்கள் வேலை பார்க்கும் ஹோட்டலின் சலவை அறை தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு பெரிய இஸ்திரி உருளை உண்டு. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் புதுக் காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் எதுவும் கேட்கும். நானோ மத்தியானம் சாப்பிடுவதற்கு முன்னால் கண்ணை மூடி நின்று கடவுளோடு நாலு வார்த்தை பேசுகிறவள். அந்த இரைச்சலில் நான் பேசுவது எனக்கே கேட்காது. அவருக்குக் கேட்டிருக்கும், அவர் காது வேறு காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஒன்றைக் கவனித்தேன். நான் மூலைக்குப் போய் நின்றதும் உருளை நின்றுவிடும். நான் கண்ணைத் திறந்து சோற்றுப் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். சூப்பர்வைசர் ஒருநாள் மேலேயிருந்து இறங்கிவந்து, "ஏன் நிக்குது?" என்று கேட்டார். உருளைக்குப் பொறுப்பான அக்கா முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, "மூச்சு வாங்குது சார். கொஞ்சம் ஆறினாத்தான் ஓடும்" என்றார். நானும் அதை நம்பினேன். ஆஹா, நான் கும்பிடுகிற நேரம் பார்த்து மிஷினுக்கே களைப்பு வருகிறதே, கடவுளுக்கு என்மேல் எவ்வளவு கருணை என்று உருகிப்போனேன்.

பிறகு அக்கா காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்டார். அந்த வாரம் முழுக்க மிஷினுக்கு ஒரு நிமிஷம்கூட மூச்சு வாங்கவில்லை. ரிப்பேர்க்காரரிடம் கேட்டேன். "இதுக்கா? ராத்திரி பகலா ஓட்டினாலும் அசையாதும்மா இது" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடவுளின் கருணை என்று நான் நினைத்ததும் பொய்யில்லை. அது நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஹோட்டலில் எல்லாரும் அவரைக் கண்டிஷன் அக்கா என்பார்கள். எதைக் கேட்டாலும் உடனே சரி என்பார். சரி என்ற சொல் தரையில் விழுவதற்குள் "ஆனா ஒரு கண்டிஷன்" என்று பிடித்துக்கொள்வார்.

பல் டாக்டரிடம் போய், "புடுங்குங்க. ஆனா ஒரு கண்டிஷன், வலிக்காதுன்னு பொய் சொல்லக் கூடாது" என்றவர். டாக்டர் வாக்குத் தவறாமல் "வலிக்கும்" என்று கத்திக்கொண்டே பிடுங்கினாராம். வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும், "மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனா அந்த மீசை எங்க வீட்டு வாசப்படிக்குள்ள வரக் கூடாது" என்றிருக்கிறார். மீசை போனது, மாப்பிள்ளை வந்தார். பாவம், அவர் சீக்கிரமே காலமாகிவிட்டார். அப்புறம் அக்காவும் அவர் மகளும்தான்.

சலவை அறையிலும் அப்படியே. ஒரு விரிப்பில் மூலையில் சின்னக் கறை நின்றுவிட்டால் மற்ற ஹோட்டல்களில் கிழித்துத் துடைப்புத் துணி ஆக்கிவிடுவார்கள். அக்கா ஆக்கவிட மாட்டார். ஓரத்தில் பச்சை நூலால் ஒரு தையல் போட்டுவிடுவார். அதற்கு அர்த்தம், இந்த விரிப்பு அறைக்குப் போகலாம், ஆனால் நூல் இருக்கும் பக்கம் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் சொருகப்பட வேண்டும். "கறை இருக்குன்னு தள்ளவும் கூடாது, இல்லேன்னு பொய் சொல்லவும் கூடாது. கண்டிஷனோட அனுப்பணும்" என்பார். அவர் கண்டிஷன் போடுவது ஒன்றைத் தடுப்பதற்கு அல்ல, விடாமல் வைத்துக்கொள்வதற்கு என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஹோட்டலில் பழைய லிப்டை எடுத்துவிட்டுப் புது லிப்ட் போட்டார்கள். அதைப் பொருத்த இத்தாலியிலிருந்து ஒரு பையன் வந்தான். நெட்டையாக, தாடியோடு, காதுவரை சிரிப்பாக இருப்பான். லிப்ட் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று சோதிக்க எங்கள் துணி வண்டிகளைத்தான் ஏற்றி இறக்கினான். அக்காவின் மகளுக்கு வரவேற்பு மேசையில் வேலை. லிப்ட் ஒவ்வொரு தடவை கீழே வந்து கதவு திறக்கும்போதும் அவன் முதலில் பார்த்தது வரவேற்பு மேசையை. அந்த லிப்டை அவன் சோதித்த மாதிரி உலகத்தில் யாரும் எந்த லிப்டையும் சோதித்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்து அவன் ஊர் திரும்பினான், பிறகு சொந்தச் செலவில் இரண்டு தடவை வந்தான். அதற்குள் அந்தப் பெண் இத்தாலி மொழியில் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் அவனுக்கு லிப்ட் மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம்.

கடைசியில் விஷயம் அக்காவிடம் வந்தது. பையனின் அம்மா நேரில் வந்து பெண் கேட்கப் போகிறார் என்றார்கள்.

அன்றைக்கு அக்கா உருளையை நிறுத்தாமலே என் காதில் கத்தினார். "நான் இத்தாலி படிக்கப் போறேன்!"

"என்னது?"

"சம்பந்தியம்மாகிட்ட ஒரு கண்டிஷன் சொல்லணும்!"

"உங்க பொண்ணுதான் பேசுறாளே, அவ எடுத்துச் சொல்ல மாட்டாளா?"

அக்கா உருளையை நிறுத்தினார். சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அவகிட்டச் சொல்ல முடியாதுடி. வருஷத்துக்கு ஒருதரம் அவ இங்க வந்து போகணும். அதான் கண்டிஷன். இதை நான் அவகிட்டச் சொல்லப் போனா அழுதுடுவேன். நான் அழுதா அவ கல்யாணமே வேண்டாம்னு தங்கிடுவா. கண்டிஷனாப் போட்டாத்தான் போயிட்டு வருவா."

அதைச் சொல்லும்போதே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி படிந்துவிட்டதாம். உருளை நின்று இத்தனை நேரமாகியும் எங்கிருந்து வந்தது ஆவி!

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடியில் சாயங்கால மொழி வகுப்பு நடந்தது. அக்கா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். மாஸ்டர் ஒல்லியான, பொறுமையான மனிதர். அக்கா உட்காருவதற்கு முன்பே, "சேர்றேன் மாஸ்டர். ஆனா ஒரு கண்டிஷன், கண்டிஷன் போடுறதை முதல்ல சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

"அது கடைசிப் பாடம்மா. முதல்ல இது மேசை, இது ஜன்னல், அப்படித்தான் போகணும்."

"மேசையைப் பத்தி எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஒரு பேச்சும் இல்லையே மாஸ்டர்."

வகுப்பே சிரித்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டுப் புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறந்தார்.

அந்த மொழியில் கண்டிஷனுக்கு எத்தனை வாசல்! 'ஆ கோந்திட்ஸியோனே கே' என்று ஒன்று. அதைக் கேட்டதும் அக்கா, "பாத்தியா, நம்ம கண்டிஷன் அங்க போய் நல்லாச் சாப்பிட்டு உடம்பு வச்சிருக்கு" என்று என்னை இடித்தார். 'ஆ பாத்தோ கே' என்று இன்னொன்று, அது இரண்டு பேர் ஒப்பந்தம் பேசும்போது சொல்வது. 'புர்கே' என்று குட்டியாக ஒன்று. அக்காவுக்கு அந்தக் குட்டியைத்தான் பிடித்தது. கைக்கு அடக்கமாக இருக்கிறதாம்.

"இந்த வார்த்தைகளுக்குப் பின்னாடி வர்ற வினைச்சொல் தன் உருவத்தை மாத்திக்கும்" என்றார் மாஸ்டர். "அவ திரும்பி வர்றா, அது நிச்சயம்னா 'தோர்னா'. அவ திரும்பி வரணும், வந்தாத்தான் நான் சம்மதிப்பேன்னா 'தோர்னி'. இன்னும் நடக்கலே, நடக்கணும்னு மனசு சொல்லுது. அதுக்குத் தனி உருவம்."

அக்கா ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடிக் கொடியைப் பார்த்தார். "அப்ப தோர்னா, காய்ஞ்சு மடிச்சு அலமாரியில வச்ச துணி. தோர்னி இன்னும் கொடியில தொங்குது. வானத்தைப் பாத்துக்கிட்டே நிக்கணும்."

"ஆமாம்மா, அதேதான்" என்றார் மாஸ்டர் சந்தோஷமாக.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இலக்கணம் எனக்கு எட்டாது. ஆனால் இத்தனை வருஷமாக மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான் பேசுவதெல்லாம் அந்தக் கொடியில் தொங்குகிற பேச்சுதானே! அதற்கென்றே ஒரு மொழிக்காரர்கள் தனி உருவம் வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்களும் ரொம்ப வேண்டிக்கொள்கிறவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் முழு வாக்கியத்தையும் கட்டிக் கொடுத்தார்: "அக்கோன்சென்தோ, புர்கே மீயா ஃபீல்யா தோர்னி ஆ காசா ஓன்யி ஆன்னோ." சம்மதிக்கிறேன், ஆனால் என் மகள் ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

சொன்னது சுலபம், அக்கா மண்டையில் நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சொன்னால் பாதி வழியில் மகள் தொலைந்துபோவாள், அல்லது வருஷம் தொலைந்துபோகும். ஒருநாள் நாங்கள் இருவரும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். பெரிய விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்றுதான் மடிக்க வேண்டும். அக்கா சும்மா முணுமுணுத்துக்கொண்டே மடித்தார். ஒரு உதறு, அக்கோன்சென்தோ. நீளவாக்கில் ஒரு மடிப்பு, புர்கே. இன்னொரு மடிப்பு, மீயா ஃபீல்யா. அடுத்து இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கையோடு கை சேர்த்து முனைகளைக் கொடுத்தோம், தோர்னி ஆ காசா. மார்போடு அணைத்துக் கடைசி மடிப்பு போட்டு ஒரு தட்டு, ஓன்யி ஆன்னோ!

ஒரு எழுத்து பிசகவில்லை. இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சலவை அறை முழுக்க இத்தாலியில் மடித்தது. நாங்கள் ஒரு வண்டி துணி மடித்தால் அக்காவின் மகள் ஒரு வண்டி தடவை வீடு திரும்பினாள். துணி எடுக்க வந்த அறைப் பையன்கள், "என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் படியில் நின்று கேட்டுவிட்டு மேலே போனார். அவரும் 'புர்கே, புர்கே' என்று முனகிக்கொண்டு போனதாக ஒரு கேள்வி. மேலே மகள் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது என்பது அக்காவின் கண்டிஷன்.

சம்பந்தியம்மா வந்த அன்று அக்கா வீட்டுக்குச் சலவை அறையே போயிருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பழைய சோபாவின்மேல், ஹோட்டலில் கழித்த ஒரு விரிப்பைத் துவைத்து, விறைக்க விறைக்க இஸ்திரி போட்டு விரித்திருந்தார் அக்கா. அதன் மூலையில் பச்சை நூல் இருந்தது. நூல் பக்கத்தைச் சோபாவுக்கு அடியில் ஒழுங்காகச் சொருகியிருந்தார். தன் வீடென்றாலும் விதி விதிதான்.

சம்பந்தியம்மா தன் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவராம். உடம்பும் குரலும் அதற்குத் தகுந்த மாதிரி. கதவைத் திறந்ததும் வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வரிசையாகக் கட்டிக்கொண்டார். மாடிக்குத் தண்ணீர் கேன் கொண்டுவந்தவரையும் விடவில்லை. அவர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டே கட்டிப்பிடிபட்டார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். மகள் வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள். "என்னை அவங்க பையனுக்குக் கேக்கறாங்கம்மா."

அக்கா எழுந்து நின்றார். புடவையைச் சரிசெய்துகொண்டார். நான் உள்ளங்கையை இறுக்கிக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டேன்.

"அக்கோன்சென்தோ" என்றார் அக்கா, மணி அடித்த மாதிரி.

அவ்வளவுதான். வீடு இரண்டுபட்டது! சம்பந்தியம்மா ஒரு கத்து கத்தினார். லிப்ட் மாப்பிள்ளை துள்ளியதில் விளக்கு ஆடியது. மகள் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ எப்பம்மா இத்தாலி கத்துக்கிட்டே!" என்று முத்தமாகப் பொழிந்தாள். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள், இனிப்புத் தட்டு ஒரு பக்கம் போனது, காப்பி இன்னொரு பக்கம் போனது. இத்தனைக்கும் நடுவில் கட்டிப்பிடிபட்டு நசுங்கிக்கொண்டே அக்கா கையைத் தூக்கி, "புர்கே... புர்கே..." என்கிறார். யார் கேட்டார்கள்?

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மிச்சம் மறந்துபோச்சு, எடுத்துக் கொடு என்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை! ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். புர்கே, அதற்கப்புறம் வெள்ளையாக இருந்தது. நிபந்தனை இல்லாமல் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் வாயைத் திறந்தால் அக்காவுக்கு அழுகைதான் வரும், அழுதால் பெண் போக மாட்டாள். அக்காவின் உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

கூச்சலில் முதலில் அடங்கியவர் சம்பந்தியம்மாதான். அவருக்குத் தன் மொழி தெரியாதா? பாதியில் நிற்கிற பேச்சு, பஸ்ஸில் ஏறாமல் நிற்கிற பிள்ளை மாதிரி அவரை உறுத்தியிருக்க வேண்டும். கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். அக்காவின் முகத்தருகே குனிந்து, "புர்கே... கே கோசா?" என்றார். என்ன கண்டிஷன் என்று கேட்கிறார். அக்காவுக்கு வாய் அசைகிறது, வார்த்தை இல்லை. சம்பந்தியம்மா தானே ஊகிக்க ஆரம்பித்தார். மகள் மொழிபெயர்த்தாள்.

"அவன் சமைக்கணுமா?"

அக்கா தலையை ஆட்டினார், இல்லை.

"தாடியை எடுக்கணுமா?"

லிப்ட் மாப்பிள்ளை தாடியைப் பொத்திக்கொண்டான். அக்கா ஒரு நொடி அந்தத் தாடியை யோசனையோடு பார்த்துவிட்டு அதற்கும் இல்லை என்றார்.

அந்த நேரம் என் கை பரபரத்தது. அட, கையில் துணி இல்லாமல் எப்படி வரும்! "எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க!" என்று கத்தினேன். சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, தண்ணீர்க் கேன்காரர் எல்லாரையும் சோபாவிலிருந்து கிளப்பி, விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தேன். தலையணைகள் பறந்தன. ஒரு முனை அக்காவிடம், ஒரு முனை என்னிடம்.

அக்காவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. ஒரு உதறு உதறினார். "அக்கோன்சென்தோ!" மடிப்பு. "புர்கே!" மடிப்பு. "மீயா ஃபீல்யா..." இருவரும் நடந்தோம். "தோர்னி ஆ காசா." கையோடு கை. மார்போடு அணைத்து, ஒரு தட்டு. "ஓன்யி ஆன்னோ!"

சம்பந்தியம்மா மடித்த விரிப்பையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அக்கா அழவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, பல் டாக்டர் முன்னால் நின்றாரே, அதே மாதிரி நின்றார்.

சம்பந்தியம்மா அக்காவின் கையிலிருந்து விரிப்பை வாங்கினார். மூலையில் பச்சை நூலைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். மகள் தழுதழுத்துக்கொண்டே விளக்கினாள். கேட்கக் கேட்க அந்தப் பெரிய முகம் மலர்ந்தது. விரிப்பைப் பிரித்து ஒரு பக்கத்தை அக்காவிடம் கொடுத்தார். மறுபக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டார். உதறினார் பாருங்கள், காற்றில் காலண்டர் கழன்று விழுந்தது.

"அக்கோன்சென்தோ ஆங்க்யோ!" ஒரு கோணல் மடிப்பு. "ஆ பாத்தோ கே..." இன்னொரு கோணல் மடிப்பு. "வேங்கா ஆங்கே லேயி!" என்று நடந்து வந்தவர் முனையைக் கொடுக்கவில்லை. விரிப்போடு சேர்த்து அக்காவையே அணைத்துக்கொண்டு இன்னும் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றாங்க?" என்று துணிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "அவங்களும் சம்மதிக்கிறாங்களாம்மா. ஆனா ஒரு கண்டிஷனாம். ஒரு வருஷம் நான் இங்க வந்தா அடுத்த வருஷம் நீ அங்க வரணுமாம். இந்த வருஷம் கல்யாணத்துக்கு நீ வந்து மூணு மாசம் தங்கணுமாம்."

எல்லாருக்கும் கண்டிஷன் போட்டே பழகிய அக்காவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கண்டிஷன் போட்டிருக்கிறார். அக்கா திகைத்துப்போய், "இது என்னடி அநியாயம்" என்றார். பிறகு விரிப்பின் மடிப்பை ஒரு பார்வை பார்த்தார். "சரின்னு சொல்லு. ஆனா ஒரு கண்டிஷன், அவங்க வீட்டுத் துணியை நான்தான் மடிப்பேன். இப்படிக் கோணலா மடிச்சா எனக்குத் தூக்கம் வராது." சம்பந்தியம்மா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க நாங்கள் சிரித்தோம். தண்ணீர்க் கேன்காரர் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

அந்தப் பெண் இரவோடு இரவாக அம்மாவிடம் என்ன கேட்டாள், அக்கா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் இருவர் கண்ணும் வீங்கியிருந்தது. இருவரும் பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள்.

போன மாதம் விமான நிலையத்துக்கு நான்தான் அக்காவோடு போனேன். மகள் முன்பே போய்விட்டிருந்தாள். அக்காவின் பெட்டியில் பாதி இடத்தை அவருடைய இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொண்டது. அங்கே கிடைக்காதா என்று கேட்டதற்கு, "கிடைக்கும், ஆனா என் கை அதுக்குத் தெரியாதே" என்றார். மூக்குக் கண்ணாடி தலைமேல் இருந்தது. அதைத் தேடிக்கொண்டே வரிசையில் நின்றார். உள்ளே போகும் கதவருகே வந்ததும் ஏப்ரன் பையிலிருந்து எடுப்பது மாதிரி கைப்பையிலிருந்து பச்சை நூல்கண்டை எடுத்து என் கையில் வைத்தார். இனிமேல் திரும்பி வரும்வரை உருளையும் நூலும் என் பொறுப்பு.

நூல்கண்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். "சீக்கிரம் வந்துடுங்கக்கா" என்றேன்.

அக்கா இரண்டடி போனவர் திரும்பினார்.

"வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். நான் இல்லேன்னு மத்தியானத்துல மிஷினை ஓடவிட்டுடாதே, அதுக்கு மூச்சு வாங்கும். நீ மூலையில கண்ணை மூடி நிக்கறப்போ எனக்கும் சேர்த்து ரெண்டு வார்த்தை சொல்லணும்."